மெற்போமின் குளிசையைப் பாதுகாப்பாகப் பாவிப்பது எப்படி: யாழ்ப்பாணத்தில் சலரோகத்தோடு வாழ்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

நடுத்தர வயதிலோ அதற்குப் பிறகோ வருகின்ற சலரோகத்துக்கு, கிளினிக்கில் முதலில் கைக்கு வருவது பெரும்பாலும் மெற்போமின் குளிசைதான். 1957இல் பிரான்சில் ஜோன் ஸ்ரேர்ன் என்ற வைத்தியர் இதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பெற்ற முடிவுகளை வெளியிட்டார். அன்றிலிருந்து எத்தனையோ புதுக் குளிசைகள் வந்துவிட்டன, ஆனாலும் இது பின்னுக்குப் போகவில்லை. விலை குறைவு. உடம்பைப் பருக்க வைக்காது. தனியே எடுத்தால் சீனியை மயக்கம் வரும் அளவுக்கு இறக்காது. ஈரல் தேவைக்கு மேல் சீனியை இரத்தத்தில் விடுவதைக் குறைப்பதும், உடம்பில் உள்ள இன்சுலினை நன்றாக வேலைசெய்ய வைப்பதும்தான் இதன் தொழில்.

இவ்வளவு நல்ல மருந்தில் ஆட்கள் பிழைவிடுவது இரண்டு இடங்களில். சுகமாக இருக்கிற நாளில் "இப்ப சீனி நோர்மல்தானே" என்று நிறுத்திவிடுகிறார்கள். சத்தியும் வயிற்றோட்டமுமாகக் கிடக்கிற நாளில், நிறுத்தி வைக்க வேண்டியதை விடாமல் விழுங்குகிறார்கள். இரண்டும் தலைகீழாக நடக்க வேண்டியவை. எந்த நாளில் போட வேண்டும், எந்த நாளில் போடக் கூடாது என்று வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரிந்திருந்தால் ஆபத்தில் பெரும்பகுதி போய்விடும்.

தொடங்க முதல்: சிறுநீரகம் எப்படி இருக்கிறது?

மெற்போமினை ஈரல் உடைப்பதில்லை. விழுங்கிய மருந்து, உருமாறாமல் சிறுநீரோடுதான் வெளியேறுகிறது. சிறுநீரகம் மந்தமானால் மருந்து உடம்பில் தேங்கும். தேங்கினால் இரத்தத்தில் லக்ரிக் அமிலம் கூடும். இது அரிதாகத்தான் நடக்கும், ஆனால் நடந்தால் உயிராபத்து. அதனால் முதல் குளிசைக்கு முன்பே, சிறுநீரகம் எப்படி வேலைசெய்கிறது என்று காட்டும் கிரியாற்றினின் இரத்தப் பரிசோதனை செய்திருக்க வேண்டும்.

கிரியாற்றினின் எண்ணை மட்டும் பார்த்து "எல்லாம் சரி" என்று விடக் கூடாது. 1.3 என்ற அதே முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். 30 வயது ஆணுக்கு அது ஏறக்குறைய 75 என்ற வடிகட்டும் வேகத்தைக் காட்டும். 70 வயது அம்மாவுக்கோ 44 அளவுக்குத்தான் வரும். வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் இந்த வடிகட்டும் வேகத்தைத்தான் இ.ஜி.எஃப்.ஆர் என்பார்கள். அறிக்கையில் அது இல்லையென்றால் வைத்தியரிடம் கேட்டுக் கொப்பியில் எழுதி வாங்குங்கள்.

இ.ஜி.எஃப்.ஆர் 45க்கு மேலே இருந்தால் மெற்போமினைத் தொடங்கலாம். 30க்கும் 45க்கும் இடையில் இருந்தால் பொதுவாகப் புதிதாகத் தொடங்குவதில்லை. ஏற்கனவே எடுப்பவருக்கு அளவை நாளொன்றுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேற்படாமல் குறைப்பார்கள். 30க்குக் கீழே இறங்கினால் நிறுத்த வேண்டும். சிறுநீரகம் நல்ல நிலையில் இருப்பவருக்கு வருடத்துக்கு ஒருமுறையாவது, 60க்குக் கீழே வந்தவருக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனை தேவை. போன வருடம் சரியாக இருந்தது என்பதற்காக இந்த வருடமும் சரியாக இருக்கும் என்றில்லை, சலரோகமே சிறுநீரகத்தைத் தின்னும் வருத்தம்.

ஈரல் வருத்தம், இதயப் பலவீனம், குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கள்ளோ சாராயமோ அளவுக்கு மீறினால் லக்ரிக் அமிலம் தேங்கும் ஆபத்து கூடும். வெறும் வயிற்றில் குடித்தால் சீனி இறங்கும் ஆபத்தும் சேர்ந்து வரும்.

முதல் வாரங்கள்: மெல்ல மெல்ல ஏற்றுவது

மெற்போமினைப் பலர் கைவிடுவதற்குக் காரணம் வயிறுதான். வயிற்றுப் பிரட்டல், வயிற்றோட்டம், வாயில் தகரம் நக்கியது போன்ற சுவை, பசியின்மை என்று வரும். முழு அளவை முதல் நாளே தொடங்கினால் இவை கட்டாயம் போல வரும். மெல்ல ஏற்றினால் பெரும்பாலானோருக்குத் தாங்கும்.

வழமையான முறை இது. முதல் வாரம் இரவுச் சாப்பாட்டோடு 500 மில்லிகிராம் ஒன்று. வயிறு சரியாக இருந்தால் அடுத்த வாரம் காலைச் சாப்பாட்டோடு இன்னொரு 500. அதன் பிறகு வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ 500 வீதம், வைத்தியர் எழுதிய அளவு வரை. பலருக்கு நாளொன்றுக்கு 1000 முதல் 2000 வரை போதும். 2000க்கு மேலே ஏற்றுவதால் கிடைக்கும் பலன் சிறிது, வயிற்றுத் தொல்லைதான் கூடும். ஏற்றும்போது வயிற்றோட்டம் தொடங்கினால் முழுவதையும் விட்டுவிட வேண்டாம். முன்பு தாங்கிய அளவுக்கு இறங்கி, ஒன்றிரண்டு வாரம் நின்று, பிறகு ஏற்றலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

சாப்பாட்டுக்கு முன் வெறும் வயிற்றில் போடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. இடியப்பமோ புட்டோ பாதி சாப்பிட்ட பிறகு குளிசையை விழுங்கி, மிச்சத்தைச் சாப்பிடுங்கள். வெறும் பிளேன்ரீயோடும் இரண்டு பிஸ்கட்டோடும் போடுவது சாப்பாட்டோடு போடுவதாகாது.

இதற்குப் பிறகும் வயிறு தாங்காவிட்டால் மெதுவாகக் கரையும் வகை இருக்கிறது. பெட்டியில் எஸ்.ஆர் அல்லது எக்ஸ்.ஆர் என்று போட்டிருக்கும். இதைப் பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டோடு ஒரே வேளையாக எடுப்பார்கள். பாதியாக உடைக்கக் கூடாது, நுணுக்கக் கூடாது, சப்பக் கூடாது. உடைத்தால் ஒரு நாள் முழுக்க மெல்ல வர வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். குளிசையின் கோது சில வேளை மலத்தில் அப்படியே தெரியும். மருந்து உறிஞ்சப்பட்டு விட்டது, கோதுதான் வெளியே வந்திருக்கிறது. பயந்து இன்னொரு குளிசை போட வேண்டாம்.

ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த சாப்பாட்டோடு வழமையான அளவை மட்டும் எடுங்கள். இரண்டு வேளைக்கும் சேர்த்துப் போடாதீர்கள்.

உறைக்குள் இருப்பது எந்தக் குளிசை?

அரச வைத்தியசாலைகளில் குளிசைகளை எண்ணிக் கடதாசி உறைகளில் போட்டுத் தருவார்கள். மெற்போமின் வெள்ளை, பிரஷர்க் குளிசைகளிலும் கொழுப்புக் குளிசைகளிலும் பல வெள்ளை. வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லாவற்றையும் ஒரே போத்தலுக்குள் கொட்டினால், பார்வை மங்கிய ஒரு முதியவரால் எதையும் பிரித்தறிய முடியாது. உறையிலேயே வைத்திருங்கள். உறையில் பெயர், மில்லிகிராம் அளவு, எத்தனை வேளை என்பவை தெளிவாக இல்லையென்றால் மருந்து கொடுக்கும் யன்னலிலேயே கேட்டு எழுதுவியுங்கள். ஈரம் படாத, வெயில் படாத இடம் போதும். குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை, அடுப்படி இறாக்கை வேண்டாம்.

கிளினிக்கில் ஒரு முறையும் பிரத்தியேகமாகக் காட்டிய வைத்தியரிடம் இன்னொரு முறையும் மருந்து எடுப்பவர்கள் இரட்டிப்பு அளவில் மாட்டிக்கொள்வதுண்டு. பாமசியில் வாங்கிய பெட்டியில் கம்பனிப் பெயர் பெரிதாகவும் மெற்போமின் என்ற பெயர் கீழே சிறிதாகவும் இருக்கும். இரண்டு மருந்துகள் சேர்ந்த ஒரே குளிசைகளும் உண்டு, மெற்போமினோடு கிளிமெபிரைட், மெற்போமினோடு சிற்றாகிளிப்ரின் என்பவை அப்படி. சிறிய எழுத்தில் உள்ள பெயரைப் பாருங்கள். ஒரே பெயர் இரண்டு பெட்டிகளில் இருந்தால், இரண்டையும் கொண்டுபோய்க் காட்டும் வரை கிளினிக்கில் எழுதியதை மட்டும் எடுங்கள்.

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ பிள்ளைகள் அனுப்பும் குளிசைகளுக்கும் இதே விதி. அங்கே 850, 1000 என்று பெரிய அளவுகள் வரும், இங்கே எழுதியது 500ஆக இருக்கும். இன்னொரு குழப்பம் எண்களில். அங்கே சீனியை மில்லிமோலில் அளக்கிறார்கள், இங்கே மில்லிகிராமில். அவர்களுடைய எண்ணை 18ஆல் பெருக்கினால் நம்முடைய எண் வரும். 7 என்றால் 126, 10 என்றால் 180. "எனக்கு 8தான், அம்மாவுக்கு 150 ஆமே" என்று தொலைபேசியில் பதறி மருந்தை மாற்றச் சொல்லும் பிள்ளைகள், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே என்று தெரிந்துகொண்டால் நல்லது.

கிளிக்லசைட் சேர்ந்தால் கதை மாறும்

மெற்போமின் தனியே சீனியை அபாயமாக இறக்காது. ஆனால் கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், கிளிமெபிரைட் என்ற வகைக் குளிசைகள் கணையத்தை நெருக்கி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அவை வேலைசெய்யும். ஆகவே இவற்றைப் போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். சாதாரண கிளிக்லசைட்டைச் சாப்பாட்டுக்கு ஏறக்குறைய அரை மணித்தியாலத்துக்கு முன் எடுக்கச் சொல்வார்கள். மெல்லக் கரையும் வகை காலைச் சாப்பாட்டோடு. சாப்பாடு கையில் இல்லாமல் குளிசையை வாயில் வைக்காதீர்கள்.

சீனி 70க்குக் கீழே இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பசிக்கும், பிறகு பேச்சுக் குழறும், ஆள் மாறி நடப்பார். மீற்றர் இல்லையென்று காத்திருக்க வேண்டாம். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு முறை. தேறியதும் பாணோ சோறோ சாப்பிட வேண்டும். சொக்லேற் வேண்டாம், அதில் உள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதிக்கும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சரித்துப் படுக்க வைத்து 1990க்கு அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள். இந்த வகைக் குளிசையால் இறங்கிய சீனி, ஏறிய பின்னும் சில மணித்தியாலத்தில் மறுபடி இறங்கலாம். முதியவர் என்றால், தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

ஃபுளூகொனசோல், மைக்கொனசோல் போன்ற பங்கசு மருந்துகளும், கோற்றைமொக்சசோல் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகளும் இந்தக் குளிசைகளின் வேகத்தைக் கூட்டும். பாமசியில் எதை வாங்கினாலும் "நான் சீனிக்குக் கிளிக்லசைட் எடுக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கிளினிக் நாள்

வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கும் நாளில் விடியக் குளிசை போடக் கூடாது. யாழ் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழையிலோ பருத்தித்துறையிலோ, வரிசை நீளும். வீட்டில் வழமைபோல் கிளிக்லசைட்டைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் வந்து, வாங்கிலேயே வியர்த்துச் சரிவது எதிர்பார்க்கக் கூடிய விபத்து. குளிசையையும் காலைச் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு போங்கள். இரத்தம் கொடுத்த உடனே சாப்பிட்டுக் குளிசையைப் போடுங்கள். தண்ணீர் குடிக்கலாம், சீனி போட்ட தேத்தண்ணி கூடாது.

கிளினிக்குக்கு இரண்டு நாளுக்கு முன்பிருந்து மட்டும் சோற்றைக் குறைத்தால் அன்றைய வெறும் வயிற்றுச் சீனி அழகாக வரும். வைத்தியர் அதை நம்பி மருந்தை மாற்றாமல் விடுவார், இழப்பு உங்களுக்குத்தான். எச்.பி.ஏ.1.சி என்ற சோதனை கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைச் சொல்லும். பலருக்கு இலக்கு 7 வீதத்துக்குக் கீழே. வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் 180க்குக் கீழே. தனியே வாழும் முதியவருக்கும் அடிக்கடி சீனி இறங்குபவருக்கும் இலக்கைத் தளர்த்துவார்கள், அது கவனக்குறைவல்ல. இரத்தச்சோகை இருந்தால் எச்.பி.ஏ.1.சி பிழையான எண்ணைக் காட்டக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நிறுத்தி வைக்க வேண்டிய நாட்கள்

இந்தப் பகுதியை வீட்டில் மருந்து கொடுப்பவர் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

சத்தி, வயிற்றோட்டம், கடுங்காய்ச்சல், தண்ணீர்கூட இறங்காத நிலை. இவற்றில் எது வந்தாலும் உடம்பில் நீர் வற்றும். நீர் வற்றினால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறையும், மெற்போமின் தேங்கத் தொடங்கும். ஒரு நாள் இலேசாக வயிறு போனதற்கு நிறுத்தத் தேவையில்லை. குடிப்பதைவிட அதிகம் வெளியே போகிறது, வாய் உலர்கிறது, சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளாகப் போகிறது என்றால் அன்றே மெற்போமினை நிறுத்தி வையுங்கள். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் எடுத்தால் அவற்றையும் நிறுத்துங்கள். அவை சிறுநீரோடு சீனியையும் நீரையும் வெளியேற்றுபவை, இந்த நிலையில் இரத்தத்தில் கீற்றோன் அமிலத்தையும் கூட்டலாம். லோசாற்றன், எனலப்ரில், ஃப்ரூசமைட் போன்ற பிரஷர் மருந்துகளையும் நீர்க் குளிசைகளையும் இடைநிறுத்த வேண்டுமா என்று அன்றே வைத்தியரிடம் கேளுங்கள். இன்சுலின் போடுபவர் இன்சுலினைத் தானாக நிறுத்தக் கூடாது, காய்ச்சல் நாளில் சீனி ஏறும்.

மூட்டு நோவுக்கும் உடம்பு நோவுக்கும் பாமசியில் வாங்கும் டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் இந்த நாட்களில் மிகவும் ஆபத்தானவை, அவை சிறுநீரகத்தை இன்னும் அடக்கும். மாரி மழை தொடங்கி டெங்கு பரவும் மாதங்களில் இதை இருமடங்கு கவனியுங்கள். டெங்குவில் அவை இரத்தக்கசிவையும் கூட்டும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும்.

ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்பும் சீனியும் சேர்ந்த தூள்) கரைத்த தண்ணீரில் சீனி இருக்கிறதே என்று மறுக்க வேண்டாம். நீர் வற்றிக் கிடப்பவருக்கு அதுதான் மருந்து. ஒரு மிடறு ஒரு மிடறாகக் கொடுங்கள். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் நல்லது. இளநீர் சிறுநீரக வருத்தம் இல்லாதவருக்கு மட்டும், அதில் பொற்றாசியம் அதிகம். மீற்றர் இருந்தால் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சீனி பாருங்கள்.

வழமைபோல் சாப்பிட்டுக் குடித்து 24 முதல் 48 மணித்தியாலம் போன பிறகு பழைய அளவில் மெற்போமினைத் தொடங்கலாம். பலரும் தவறுவது இங்கேதான்: நிறுத்தியதை மறந்து மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். நிறுத்திய திகதியைக் கொப்பியில் எழுதுங்கள்.

குடித்தது எதுவும் வயிற்றில் நிற்கவில்லை, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்குகிறது, வயிற்றுக்குத்து, தசை நோவு, அசாதாரண நித்திரை மயக்கம், உடம்பு குளிர்ந்துபோவது: இவை லக்ரிக் அமிலம் கூடியதன் அறிகுறிகளாக இருக்கலாம். வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே கொண்டுபோய், "மெற்போமின் எடுக்கிறவர்" என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள்.

நரம்பில் ஊசி மருந்து ஏற்றி எடுக்கும் சி.ரி ஸ்கான், இதயக் குழாய்ப் படம் என்பவற்றுக்குத் திகதி தந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். சிறுநீரகம் பலவீனமானவர் அந்த நேரம் நிறுத்தி, 48 மணித்தியாலத்துக்குப் பிறகு கிரியாற்றினின் பார்த்துத் தொடங்குவார். சத்திரசிகிச்சைக்கும் அப்படித்தான்.

விரத நாட்கள்

கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசம் இருப்பவர்கள், வெள்ளிக்கிழமை ஒருவேளை உணவுக்காரர், நோன்பு பிடிப்பவர்கள் எல்லோரும் விரதத்துக்கு இரண்டு வாரம் முன்பே கிளினிக்கில் கதைக்க வேண்டும். ஒருவேளை உணவு என்றால் மெற்போமினை அந்த உணவோடு எடுக்கலாம், மற்ற வேளைக் குளிசையை விட வேண்டிவரும். கிளிக்லசைட்டைச் சாப்பிடாத வேளையில் எடுக்கக் கூடாது, அளவை வைத்தியர்தான் மாற்றித் தர வேண்டும். தண்ணீரும் குடிக்காத விரதம், சிறுநீரகம் பழுதானவருக்கும் இன்சுலின்காரருக்கும் நல்லதல்ல. விரதத்துக்குள் சீனி 70க்குக் கீழே போனால் அந்த இடத்திலேயே முறிக்க வேண்டும். விரதம் முடிந்து பனங்கட்டியோடு குடிக்கும் கோப்பியும் சீனிதான், பனங்கட்டி சீனியை ஏற்றாது என்பது தவறான நம்பிக்கை.

பாவற்காய்ச் சாறு, வெந்தயம், கொத்தலஹிம்புட்டு என்று சேர்ப்பவர்கள் அதை வைத்தியருக்குச் சொல்லுங்கள். சமையலில் பாவற்காய் பிரச்சினையில்லை. நாள்தோறும் சாறாகவோ கசாயமாகவோ குடித்தால், கிளிக்லசைட்டோடு சேர்ந்து சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். சித்த மருந்து எடுப்பதற்காக மெற்போமினை இரகசியமாக நிறுத்துவது இதைவிட மோசம்.

கால் விறைத்தால் பி12ஐயும் நினையுங்கள்

மெற்போமினைப் பல வருடம் எடுக்கும்போது குடல் வைற்றமின் பி12ஐ உறிஞ்சுவது குறையும். அளவு கூடவும் காலம் நீளவும் இது கூடும். பி12 மச்சம், மீன், முட்டை, பாலில்தான் உண்டு. சைவச் சாப்பாட்டுக்காரர் நிறைந்த நம் ஊரில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். பாதத்தில் எரிவு, விறைப்பு, நாக்கு வழவழப்பாதல், களைப்பு, ஞாபக மறதி என்று வரும். கால் விறைத்தால் உடனே "சலரோக நரம்புப் பாதிப்பு" என்று முடிவுகட்டி விடுவார்கள். சலரோகத்தால் வந்த நரம்புச் சேதம் திரும்புவது கடினம். பி12 குறைவு ஊசியாலோ குளிசையாலோ நிரப்பக் கூடியது, காலம் தாழ்த்தினால்தான் நிரந்தரமாகும். நான்கைந்து வருடத்துக்கு மேல் எடுப்பவர், சைவர், இரத்தச்சோகை உள்ளவர் எல்லோரும் பி12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வெறும் ஃபோலிக் அமிலக் குளிசையை மட்டும் போட்டால் இரத்தச்சோகை தேறியது போலத் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும்.

குளிசை போதாத காலம் வந்தால்

சலரோகம் காலத்தோடு முற்றும், கணையம் மெல்ல மெல்ல இளைக்கும். பத்து வருடம் வேலைசெய்த மெற்போமின் தனியே போதாமற் போவது நோயாளியின் குற்றமல்ல. மூன்று மாதம் ஒழுங்காகக் குளிசை எடுத்தும் எச்.பி.ஏ.1.சி இறங்காவிட்டால் இரண்டாவது மருந்து சேர்ப்பார்கள், பிறகு சிலருக்கு இன்சுலின். இன்சுலின் என்றதும் "கடைசிக் கட்டம்" என்று பயந்து கிளினிக்கை விட்டுவிடுபவர்களின் கண்ணும் காலும் சிறுநீரகமும்தான் அதற்கு விலை கொடுக்கின்றன. திடீரென்று மெலிந்து, தாகம் கூடி, இரவில் பலமுறை சிறுநீருக்கு எழும்பி, சீனி 300ஐத் தாண்டி நின்றால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம்.

இன்சுலின் தொடங்கினாலும் மெற்போமின் பெரும்பாலும் தொடரும், ஏனெனில் அது இன்சுலினின் தேவையைக் குறைக்கும். கிளிக்லசைட்டைப் பெரும்பாலும் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். எது தொடர்கிறது, எது நின்றது என்பதை அன்றைக்கே கொப்பியில் எழுதுவித்து, வீட்டில் மிஞ்சிய பழைய உறைகளை அடுத்த முறை பாமசிக்குத் திருப்பிக் கொடுங்கள்.